நல்ல பல்லைத் தேய்த்து பிரிட்ஜ் கட்டலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது, சர்க்கரை நோய் உண்டு. சொத்தையான கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை ஓராண்டுக்கு முன் பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பல்லுக்கு வேர் சிகிச்சை முடிந்தது, கேப் போடவில்லை. இரு பக்கப் பற்களையும் தேய்த்து பிரிட்ஜ் கட்டலாம் என்கிறார் மருத்துவர். நல்ல பல்லும் கெட்டுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. பிரிட்ஜ் என்பது இரு பக்கப் பற்களிலும் கேப் என்ற உறையை மாட்டி, நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்க வைக்கும் ஒரே துண்டு. அதைக் கட்ட இரு பக்கப் பற்களையும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை தேய்க்கத்தான் வேண்டும். தேய்த்த எனாமல் மறுபடி வளராது. இரண்டுமே பழுதில்லாத பற்கள் என்றால், முடிந்தவரை அவற்றைத் தொடாமல் இம்ப்ளான்ட் (எலும்பில் திருகு பதித்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

உங்கள் விஷயம் வேறு. வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல் ஏற்கெனவே பலம் குறைந்தது. கேப் இல்லாமல் விட்டால் முறுக்கு கடிக்கும்போது பிளந்துவிடலாம். பிளவு வேர் வரை போனால் அதையும் எடுக்க வேண்டிவரும். ஆக, அந்தப் பல்லுக்கு எப்படியும் கேப் தேவை. புதிதாகத் தேய்க்கப்போவது முன்னால் இருக்கும் சிறிய பல்லை மட்டும்தான். அதிலும் பழைய அடைப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிரிட்ஜே போதும். அது அப்பழுக்கில்லாத பல்லாக இருந்து, கையில் பணமும் இருந்தால், பின்பல்லுக்குத் தனி கேப், இடைவெளிக்கு இம்ப்ளான்ட் என்று கேட்டுப்பாருங்கள்.

எதுவானாலும் தள்ளிப்போடாதீர்கள். ஓராண்டாக இடம் காலி என்பதால் பின்பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம், மேல்பல் கீழே இறங்கியிருக்கலாம். சாய்வு கூடக்கூட பிரிட்ஜைச் சரியாக உட்கார வைப்பது கடினம். முதலில் எக்ஸ்ரே எடுத்து, வேர் சிகிச்சை சரியாக இருக்கிறதா, எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை இதற்குத் தடை இல்லை. ஆனால் ஈறில் வீக்கமோ ரத்தக் கசிவோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே அளவெடுக்க வேண்டும். மூன்று மாத சராசரி சர்க்கரை அளவையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, கட்டிய பிறகு? பிரிட்ஜ் உடைந்து வருகிறவர்களைவிட, கேப்பின் ஓரத்தில் சொத்தை விழுந்து வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மூன்று பற்களும் ஒரே துண்டு என்பதால் இடையில் மேலிருந்து நூலை இறக்க முடியாது. செயற்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பக்கவாட்டில் கோக்கும் நூல் கடைகளில் 'சூப்பர் ஃப்ளாஸ்' என்று கிடைக்கிறது. தினமும் இரவில் ஒரு முறை அதைக் கோத்து அந்த அடிப்பகுதியைச் சுத்தம் செய்யுங்கள். பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஒரு பக்கம் சிமென்ட் விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொண்டிருப்பதால் பிரிட்ஜ் கழன்றது தெரியாது. வேர் சிகிச்சையில் எடுத்துவிட்டதால் உங்கள் பின்பல்லில் நரம்பு இல்லை. உள்ளே சொத்தை வளர்ந்தாலும் வலிக்காது. அதனால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். கெட்ட வாடை வந்தாலோ, கடிக்கும்போது லேசாக அசைந்தாலோ அந்த வாரமே காட்டுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய், அந்தப் பின்பல்லின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.