கடையில் கிடைப்பதை ஏன் வீட்டில் வளர்க்க வேண்டும்?

எல்லாம் கடையிலேயே கிடைக்கும்போது தொட்டியில் செடி வைத்து மெனக்கெடுவதில் என்ன இன்பம் என்று கேட்டிருக்கிறீர்கள். காசுக் கணக்கு பார்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாதுதான். ஆனால் வேடிக்கை பார்க்கக் கிடைப்பதற்கு விலை ஏது?

ஒரு பீன்ஸ் விதையை ஊன்றிப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் மண் விரிசல் விடும். முளை நேராக வராது. கொக்கி மாதிரி வளைந்து, முதுகால் மண்ணை முட்டிக்கொண்டு வரும். இளந்தளிர் சிராய்க்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளிச்சம் பட்டதும் வளைவு நிமிர்ந்து, பருத்த இரண்டு விதையிலைகள் விரியும். தக்காளிச் செடியின் கணுவில் வரும் பக்கக் கிளையைக் கிள்ளி ஈர மண்ணில் நட்டால், அதுவும் வேர் பிடித்துத் தனிச் செடியாகிவிடும். (இலையைத் தடவிவிட்டு விரலை முகர்ந்தும் பாருங்கள்.)

நூல் பின்னல், ஓவியம், மண்பாண்டம் என்று கையால் செய்யும் பொழுதுபோக்குகள் எல்லாம் கிட்டத்தட்ட இதே ரகம். ஆனால் பின்னலில் தப்பினால் பிரித்து மறுபடி போடலாம். செடியிடம் அந்தச் சலுகை கிடையாது. அவசரக்காரர்களுக்குப் பின்னலே சரி.

இடமில்லையா? நாலைந்து மணி நேரம் வெயில் விழும் ஜன்னல் இருந்தால் கீரையில் ஆரம்பிக்கலாம். அப்புறம், தினமும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றில்லை. மண்ணுக்குள் விரலை ஓர் அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.