கேள்வி பதில்: ஈஸ்டர் தீவுப் பனையும் நம் கண்மாய் வண்டலும்

கேள்வி: 1722இல் டச்சுக்காரர்கள் போனபோது ஈஸ்டர் தீவு ஏறக்குறைய மொட்டையாகக் கிடந்ததாம். அங்கே பனைக்காடு இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?
*வாசகர், காரைக்குடி*

பதில்: ரானோ காவு, ரானோ ராராக்கு, ரானோ அரோய் என்ற மூன்று எரிமலை வாய்களில் தேங்கிய சேற்றை வைத்து. மகரந்தத் துகளின் மேலோடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. ஆக்ஸிஜன் எட்டாத சேற்றில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். 1955-56இல் நார்வே ஆய்வுப் பயணி தோர் ஹெயர்டாலின் குழு எடுத்துவந்த மண்ணை ஸ்வீடனின் ஓலோஃப் செல்லிங் ஆராய்ந்தார். பிறகு மகரந்த ஆய்வாளர் ஜான் ஃப்ளென்லி ஆழமாகத் துளையிட்டு எடுத்தார். அடியடுக்குகளில் பனைக் குடும்பத்து மகரந்தம் ஏராளம். மேலே வர வர அது அற்றுப்போய்ப் புல்லின் மகரந்தம் மிகுகிறது.

பனைகளின் மகரந்தம் ஒன்றுபோல் ஒன்று இருப்பதால் இன்ன இனம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எலி கடித்த கொட்டைகள் குகைகளில் கிடைத்த பிறகே, அது சிலி நாட்டுப் பனைக்கு நெருங்கிய மரம் என்ற கருத்து வலுப்பட்டது. காடு எப்போது போனது என்பதில்தான் சிக்கல். ராராக்குச் சேற்றில் இடையில் பல நூற்றாண்டு அடுக்குகளே இல்லை. மொத்தச் சேற்றை, கதிரியக்கக் கார்பனை அளந்து வயது காணும் கார்பன் கணக்குக்கு அனுப்பினால், கரையிலிருந்து அரித்துவந்த பழைய கார்பனும் கலந்து வயதைக் கூட்டிக் காட்டும். விதையையோ பழத்தையோ தனியே பொறுக்கி அனுப்புவதே சரி.

கேள்வி: சேற்றிலிருந்து மகரந்தத்தைப் பிரிப்பது எப்படி?
*கல்லூரி மாணவி, தேவகோட்டை*

பதில்: துளைக்குழாயில் வந்த மண்தண்டின் மேல்தோலை முதலில் சுரண்டி எடுங்கள். கத்தியைக் குறுக்கே இழுக்க வேண்டும். நெடுக இழுத்தால் ஓர் அடுக்கின் மண் இன்னொன்றில் அப்பிக்கொள்ளும். உள்ளிருந்து 1 கன செ.மீ. எடுத்து, எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் (பூக்காத ஒரு சிறு செடி) வித்து மாத்திரை ஒன்றைப் போடுங்கள். கடைசியில் மகரந்தக் கணக்குக்கு இதுவே அளவுகோல். 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாத்திரையையும் சுண்ணாம்பையும் கரைக்கும். அடுத்து, மட்கிய பொருளைக் கரைக்க, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 10 நிமிடம் வெந்நீர்த் தொட்டியில் வையுங்கள். பிறகு 180 மைக்ரான் சல்லடை.

மணலைக் கரைக்கும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கண்ணாடியையும் தின்னும், தோலுக்குள் இறங்கி எலும்பையும் கெடுக்கும். பிளாஸ்டிக் குழாய், புகைபோக்கிக் கூண்டு, மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்றவர் மூன்றும் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். கடைசியில், மிஞ்சிய செடி நாரை அழிக்க, 9 பங்கு அசெட்டிக் அன்ஹைட்ரைடும் 1 பங்கு கந்தக அமிலமும் கலந்த கலவையில் சில நிமிடம் வையுங்கள். இதில் தண்ணீர் பட்டால் சீறித் தெறிக்கும். அதனால் முன்பே கிளேசியல் (நீர் கலக்காத) அசெட்டிக் அமிலத்தால் கழுவி ஈரத்தைப் போக்குங்கள்.

400 மடங்கு பெருக்கத்தில் குறைந்தது 300 மகரந்தம் எண்ணுங்கள். 10,000 வித்து போட்டு, 300 மகரந்தத்துக்கு 100 வித்து கண்ணில் பட்டால், அந்த 1 கன செ.மீ. மண்ணில் 30,000 மகரந்தம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயில் இதைச் செய்ய முடியுமா?
*வாசகர், கானாடுகாத்தான்*

பதில்: மகரந்தத்தை நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். நம் கண்மாய் கோடையில் வற்றி வெடிக்கிறது. காற்றுப் பட்டு மகரந்தம் சிதைகிறது, வெடிப்பு வழியே மேல்மண் அடியில் விழுகிறது. தூர்வாரும்போது அடுக்கே போய்விடுகிறது, வண்டல் வயலுக்குப் போகிறது.

பைட்டோலித்தைத் தேடுங்கள். செடி தன் செல்லுக்குள் படியவைக்கும் சிலிக்கா அச்சு அது. காய்ந்தாலும் எரிந்தாலும் தாங்கும். 5 கிராம் மண்ணை அமிலத்தில் கழுவி, 500 டிகிரி செல்சியஸில் சுட்டு, களிமண்ணை வடித்துவிட்டு, அடர்த்தி (கன செ.மீ.க்கு கிராம்) 2.3 உள்ள சோடியம் பாலிடங்ஸ்டேட் என்ற கனமான கரைசலில் இட்டால் பைட்டோலித் மிதக்கும், 2.65 அடர்த்தியுள்ள மணல் அடியில் நிற்கும். இதற்கு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கூடாது, பைட்டோலித்தே கரைந்துபோகும். நெல் உமியில் இரட்டைக் கொம்பு வடிவம் தெரியும். பனை முள்ளுருண்டையாகத் தெரியும். தென்னையும் ஈச்சையும் அப்படியே இருக்கும் என்பதால் "பனை" என்று எழுதாமல் "பனைக் குடும்பம்" என்றே எழுதுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கை இந்த மண்ணில் தேட வேண்டாம், அது வளர்ந்தது கடலுக்கு அப்பால்.

மண் எடுக்கச் சிறந்த இடம் கண்மாயின் நடு அல்ல, கரையின் அடி. கரை போடுவதற்கு முந்தைய நிலம் அங்கே மூடப்பட்டுக் கிடக்கிறது. அதற்காகக் கரையைத் தோண்டிவிடாதீர்கள், மழையில் உடைப்பெடுக்கும். மடை பழுதுபார்க்கத் திறக்கும் நாளில், அனுமதி வாங்கிக்கொண்டு, தெரியும் வெட்டுமுகத்தில் கீழிருந்து மேலாக 5 செ.மீ. இடைவெளியில் எடுங்கள்.