கராஜ் பையன் விமானக் கம்பெனிக்குப் போன கதை

கேள்வி: என் மகன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு டர்பனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். திட்டினால், "அமெரிக்காவில் ஒரு ரேஸ் டிரைவரும் இப்படித்தான் ஆரம்பித்து விமானக் கம்பெனிக்கே தலைவரானார், கடலில் விழுந்தும் பிழைத்தார்" என்கிறான். நிஜமா, என் வாயை அடைக்கச் சொல்கிறானா?
– ஒரு தாய், மெர்பேங்க்

பதில்: நிஜம்தான் அம்மா. அவர் பெயர் எடி ரிக்கன்பேக்கர், 1890ல் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸில் பிறந்தவர். 1904ல் அப்பா இறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போனார். ஆனால் உங்கள் மகன் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறான்: கராஜில் வேலை பார்த்துக்கொண்டே அவர் தபால் வழியில் இன்ஜினியரிங் படித்தார். இதை அவனிடம் அவசியம் சொல்லுங்கள்.

ரேஸில் முதலில் அவர் டிரைவர்கூட இல்லை, டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரும் மெக்கானிக். அந்தக் காலத்து ரேஸ் காரில் இரண்டு பேர் போவார்கள். ஆயிலைக் கையாலேயே பம்ப் அடிக்க வேண்டும், டயர் தேய்கிறதா என்று கண் வைக்க வேண்டும், பின்னால் எந்த வண்டி நெருங்குகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்து, இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் டிரைவருக்குச் சைகையில் சொல்ல வேண்டும், இத்தனைக்கும் சீட் பெல்ட் கிடையாது. இயந்திரத்தின் மனசை அவர் படித்தது அந்த சீட்டில்தான் என்று நான் நம்புகிறேன். அப்புறம் டிரைவரானார், பல பந்தயங்களில் ஜெயித்தார், ஆனால் இண்டியானாபொலிஸ் 500 என்ற பெரிய 500 மைல் கார் பந்தயம் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை. 1914ல் வந்த 10வது இடம்தான் அதில் அவர் எட்டிய சிறந்த இடம்.

முதல் உலகப் போரில், 1917ல் ராணுவ டிரைவராகப் பிரான்ஸ் போனார். விமானியாகும் வயசைத் தாண்டிவிட்டார் என்றார்கள், விடாப்பிடியாக நின்று விமானியாகி, எதிரியின் விமானங்களும் பலூன்களுமாக 26ஐ வீழ்த்தினார். பிறகு தன் பெயரில் தொடங்கிய கார் கம்பெனி 1927ல் திவாலானது. 1938ல் கூட்டாளிகளோடு சேர்ந்து ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸை 3.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார். பணத்தில் கறார், அது கம்பெனியை வளர்த்தது. அதே குணம் பின்னால் கெடுதலும் செய்தது: பயணிகளின் வசதியில் கையை இறுக்கினார், ஜெட் வாங்கத் தயங்கினார், போட்டிக் கம்பெனிகள் முந்திக்கொண்டன, 1963 முடிவில் சேர்மன் பதவியும் போனது.

உங்கள் மெர்பேங்க் பக்கத்திலிருந்த டர்பனின் பழைய விமான நிலையம் 2010ல் லா மெர்சிக்கு மாறும் வரை உங்கள் கூரைக்கு மேலேதானே விமானங்கள் இறங்கின, நீங்களே அந்தச் சத்தத்தில் வளர்ந்திருப்பீர்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜின் மேல் ஆசை வந்ததைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, கடல் கதை. 1942 அக்டோபரில் ரிக்கன்பேக்கர் ஹவாயிலிருந்து புறப்பட்ட ராணுவ விமானம் வழி தவறி, பெட்ரோல் தீர்ந்து பசிபிக்கில் இறங்கியது. எட்டு பேர், மூன்று ரப்பர் படகுகள், சாப்பிட நாலே நாலு ஆரஞ்சுப் பழம். எட்டாவது நாள் ஒரு கடற்பறவை அவருடைய தொப்பி மேலேயே வந்து உட்கார்ந்தது. மெல்லக் கையைத் தூக்கிப் பிடித்துவிட்டார். ஆளுக்குக் கொஞ்சமாகப் பச்சையாகவே தின்றார்கள், குடலைத் தூண்டிலில் மாட்டி மீன் பிடித்தார்கள், மழை வந்தபோது துணிகளை நனைத்துப் பிழிந்து தண்ணீர் சேர்த்தார்கள். ஒருவர் படகிலேயே இறந்துபோனார். 24 நாள் கழித்துக் கடலிலிருந்து மீட்கப்பட்டபோது ரிக்கன்பேக்கருக்கு வயது 52.