கம்போடியாவில் யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?
வாசகர் கேள்வி – பதில்

அங்கோர் வாட் பயணம் பற்றி வந்த கடிதங்களில் விசா, விமானக் கட்டணம், சைவ உணவு ஆகியவை தொடர்பான கேள்விகளைப் பிறிதோர் இதழுக்கு ஒதுக்கிவிட்டு, அங்குள்ள மக்களுக்குப் பரிசும் நன்கொடையும் கொடுப்பது குறித்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டிசம்பரில் குடும்பத்துடன், அங்கோர் வாட் அருகிலுள்ள சியெம் ரீப் நகருக்குச் செல்கிறோம். கோயில் வாசல்களில் சிறுவர் சிறுமியர் அஞ்சல் அட்டையும் கைக்கயிறும் விற்றபடி பயணிகளின் பின்னாலேயே வருவார்கள் என்று சென்று வந்தவர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்குப் பேனா, பென்சில், சாக்லேட் ஆகியவற்றை இங்கிருந்தே வாங்கிச் செல்லலாமா, அல்லது பணமாகவே கொடுத்துவிடலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் காரணம் தெரியாமல் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்து மறுப்பது யாருக்கும் எளிதல்ல என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கம்போடியாவின் அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள் முறையில் நடப்பவை. ஒரு பிரிவினர் காலையிலும் மற்றொரு பிரிவினர் பிற்பகலிலும் வகுப்புக்குச் செல்வார்கள். எனவே தா புரோம் கோயிலின் வாசலில் காலை பத்து மணிக்கு, 'பத்து அட்டை ஒரு டாலர்' என்று ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணிக் காட்டிக்கொண்டே உங்களுடன் நடந்து வரும் சிறுமியைப் பார்த்து, இவள் பள்ளியை விட்டுவிட்டவள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவளுடைய வகுப்பு மதியத்துக்கு மேல் இருக்கலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பயணிகள் கூட்டம் மிகுந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில் அவள் கையில் சேரும் டாலர், பெற்றோர் கூலி வேலையில் ஈட்டுவதை நெருங்கிவிட்டால், மதிய வகுப்புக்குப் போ என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனம் வராது. பெரியவர் விற்றால் வாங்காத பொருளைக் குழந்தை விற்றால் வாங்குகிறோம் என்பது விற்பனைக்கு அனுப்புகிறவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதே குழந்தை பதினான்கு வயதைத் தாண்டியதும் பயணிகளின் மனம் இளகுவதில்லை. அப்போது வியாபாரமும் இல்லை, படிப்பும் இல்லை.

இது வெளிநாட்டார் சிலரின் கருத்து மட்டுமன்று. அங்கோர் வளாகத்தை நிர்வகிக்கும் அப்சரா ஆணையம் 2015ஆம் ஆண்டில் பயணிகளுக்கான நடத்தை விதிகளை வெளியிட்டது. உடை, புகைப்படம், சிற்பங்களைத் தொடாமை ஆகியவற்றுக்கான விதிகளோடு, குழந்தைகளிடம் பொருள் வாங்குவதும் அவர்களுக்கு இனிப்போ பணமோ கொடுப்பதும் அவர்களைப் பள்ளியிலிருந்து விலக்கிப் பிச்சையின் பக்கம் தள்ளும் என்பதும் அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. உதவ விரும்புகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுக்கும்படி ஆணையமே கேட்டுக்கொள்கிறது.

சாக்லேட்டைப் பொறுத்தவரை இன்னும் எளிமையான காரணம் உண்டு. பல் மருத்துவரை எளிதில் பார்க்க வழியில்லாத கிராமத்துக் குழந்தைக்கு நாள்தோறும் நூறு பேர் மிட்டாய் கொடுத்தால் என்னவாகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பேனாவும் பென்சிலும் தீங்கற்றவையாகத் தோன்றும்; ஆனால் பத்துப் பேனாவை இருபது குழந்தைகளுக்கு நடுவே நீட்டிப் பார்த்தவர்களுக்கு அங்கே நடக்கும் தள்ளுமுள்ளு தெரியும். எழுதுபொருள் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சியெம் ரீப் சந்தையிலேயே வாங்கி, பள்ளித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே பேசி அவரிடம் ஒப்படையுங்கள். அந்த ஊர்க் கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். உங்கள் பெட்டியின் எடையும் குறையும்.

சாக்லேட்டைவிட மனத்தை அதிகம் உருக்குவது பால் பவுடர். சியெம் ரீப் நகரின் பப் ஸ்ட்ரீட் பகுதியில், இடுப்பில் கைக்குழந்தையுடன் ஒரு பெண்ணோ சிறுமியோ உங்களை நிறுத்தி, 'பணம் வேண்டாம், குழந்தைக்குப் பால் மட்டும் வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்கக்கூடும். பணம் வேண்டாம் என்று சொல்வதாலேயே நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. அவர் காட்டும் கடைக்குச் சென்று, அவர் காட்டும் பெரிய டின்னையே, வழக்கமான விலைக்கும் மேலாகக் கொடுத்து வாங்குவோம். நாம் தெருமுனையைத் தாண்டியதும் அந்த டின் திறக்கப்படாமலே அதே கடையின் அலமாரிக்குத் திரும்பும். தொகையை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். அந்தக் குழந்தை அன்றிரவு பத்து மணிக்கும் தூங்காமல் அடுத்த பயணிக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வறுமை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் பணம் அந்த வறுமையைத் தீர்ப்பதற்குப் போகவில்லை.

இவ்வளவும் சொன்னதால் பையை இறுக மூடிக்கொண்டு ஊர் சுற்றுங்கள் என்று பொருளாகாது. கோயிலுக்கு வெளியே இளநீர், தண்ணீர் பாட்டில், பருத்தித் துண்டு விற்கும் பெரியவர்களிடம் தாராளமாக வாங்குங்கள். தா புரோம், பந்தியாய் ஸ்ரேய் போன்ற கோயில்களுக்குச் செல்லும் பாதையோரம், கண்ணிவெடியில் கால்களையோ பார்வையையோ இழந்தவர்கள் ஒன்றாக அமர்ந்து கம்போடியாவின் கெமர் மரபிசை வாசிப்பதைக் காண்பீர்கள். அவர்கள் யாரையும் பின்தொடர்வதில்லை, கைநீட்டிக் கேட்பதுமில்லை. ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு அவர்களுடைய பெட்டியில் போடும் பணம், கலைஞர்களுக்குச் சேரும் ஊதியம். என்னைக் கேட்டால் அங்கோரில் மிகுந்த மனநிறைவோடு கொடுக்கத்தக்க இடம் அதுதான்.

கேள்வி: எங்கள் மகனின் பிறந்தநாளை ஆண்டுதோறும் இங்குள்ள ஆதரவற்றோர் இல்லத்தில் உணவளித்துக் கொண்டாடுவது வழக்கம். இந்த ஆண்டு அந்த நாளில் கம்போடியாவில் இருப்போம். அங்கே ஓர் அனாதை இல்லத்தில் அதைச் செய்ய ஏற்பாடு செய்யலாமா? – வாசகர், சேலம்

பதில்: உங்கள் வழக்கம் நல்ல வழக்கம். இந்த ஒரு நாட்டில் மட்டுமாவது அதை வேறு வடிவில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 75 சதவீதம் உயர்ந்தது. அந்தக் காலத்தில் அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. பெருகியது சுற்றுலாப் பயணிகளின் கூட்டம். யுனிசெஃப் கவனப்படுத்தியபடி, அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருந்தார். சாப்பாடும் ஆங்கிலக் கல்வியும் கிடைக்கும் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்து, பயணிகள் முன் ஆடவும் பாடவும் வைத்து நன்கொடை திரட்டிய இடங்கள் பல. எல்லா இல்லங்களும் அப்படிப்பட்டவை அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் வந்து கேக் வெட்டிச் செல்லும் நம்மால் எது எப்படிப்பட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. முன்பின் அறியாத எவரும் வாசலில் வந்து நின்றால் குழந்தைகளிடம் அழைத்துச் செல்லும் இல்லம், குழந்தைகளின் பாதுகாப்பில் அக்கறையுள்ள இல்லமாக இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. நம் மகன் படிக்கும் பள்ளியில் அப்படி அந்நியரை வகுப்புக்குள் விட்டால் நாம் சும்மா இருப்போமா?

ஆஸ்திரேலியாவில் 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டம் நிறைவேறியபோது, இப்படி நன்கொடைக்காகக் குழந்தைகளை இல்லங்களுக்குக் கொண்டுவரும் கடத்தலும் அதன் தொடர்பில் பேசப்பட்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லங்களைப் பார்க்கச் செல்லும் இந்த வகைச் சுற்றுலாவைக் குறித்துக் கவலை தெரிவித்தது. தொன்லே சாப் ஏரிப் பயணத்திலும் இதன் சிறிய வடிவம் ஒன்று உண்டு. படகோட்டி உங்களை மிதக்கும் கடையில் இறக்கி, பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்கள் என்பார். விலை நகரத்து விலையைப் போலப் பல மடங்கு இருக்கும். பணிவாக மறுத்துவிடலாம்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். பியாட் ரிக்னர் என்ற சுவிஸ் குழந்தை மருத்துவர், கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கிளர்ச்சிப் படை நாட்டைப் பிடிப்பதற்கு முன்பு நோம் பென் நகரின் காந்தா போபா மருத்துவமனையில் பணியாற்றியவர். 1992இல் மீண்டும் வந்து, இடிந்து கிடந்த அதே மருத்துவமனையைத் திறந்து, சிகிச்சைக்கு ஒரு ரியேல்கூட (கம்போடிய நாணயம்) வாங்குவதில்லை என்ற கொள்கையோடு நடத்தினார். சியெம் ரீப் நகரில் மன்னர் ஏழாம் ஜெயவர்மன் பெயரிலான கிளை 1999இல் தொடங்கியது. அங்கே சனிக்கிழமை மாலைகளில் ரிக்னரே மேடையேறிச் செல்லோ என்ற நரம்பிசைக் கருவியை வாசிப்பார். நடுநடுவே மருத்துவமனையின் கதையைச் சொல்லி, இளைஞர்களிடம் ரத்தமும் முதியவர்களிடம் பணமும் நடுவயதினரிடம் இரண்டும் கேட்பார். 2018இல் அவர் மறைந்த பின்னும் மருத்துவமனைகள் இலவசமாகவே இயங்குகின்றன. அங்கோர் ஒரு நாள் நுழைவுச்சீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் 37 டாலரில் 2 டாலர் இந்த மருத்துவமனைகளுக்கே செல்கிறது என்பதால், தெரியாமலே நீங்களும் ஒரு நன்கொடையாளர் ஆகிவிடுவீர்கள். பிறந்தநாளுக்கென்று ஒதுக்கிய தொகையை மகனின் கையாலேயே அங்கு செலுத்தி ரசீது வாங்கச் செய்யுங்கள். குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்ள முடியாது என்ற ஒரு குறை இருக்கும். அது குறையே அல்ல என்பது என் எண்ணம்.

மாலையில் ஃபார் சர்க்கஸுக்கு அழைத்துச் செல்லுங்கள். பட்டம்பாங் நகரில் 1994இல் தொடங்கிய கலைப்பள்ளியில் இலவசமாகப் பயின்ற இளைஞர்கள் நடத்தும் நிகழ்ச்சி அது. சீட்டுப் பணத்தால் பள்ளியும் நடக்கிறது, கலைஞர்களுக்குச் சம்பளமும் கிடைக்கிறது. விலங்குகள் கிடையாது. பையனுக்கும் பிடிக்கும்.

கேள்வி: அங்கோர் வாட்டில் உள்ள பெருமாள் சிலைக்குக் காணிக்கை போடலாமா? பிட்சுக்களுக்குக் கொடுக்கும் முறை என்ன? – வாசகர், மதுரை

பதில்: தாராளமாகப் போடலாம். மேற்கு நுழைவாயிலில் எட்டுக் கைகளுடன் நிற்கும் திருமாலை உள்ளூர் மக்கள் 'தா ரியாச்' என்று அழைத்து, பட்டு சாத்தித் தாமரையும் ஊதுவத்தியும் வைத்து இன்றும் வணங்குகிறார்கள். காணிக்கைக்கு ரியேல் போதும். ஒரு டாலர் ஏறக்குறைய 4,000 ரியேல். சில மூலைகளில் அமர்ந்திருப்பவர்கள் கேட்காமலே ஊதுவத்தியை உங்கள் கையில் திணித்துவிட்டுப் பிறகு டாலர் கேட்பதுண்டு. விருப்பமில்லையென்றால் கையெடுத்துக் கும்பிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிட்சுக்களுக்குக் காலை வேளையில் உணவு கொடுப்பதே மரபு. நண்பகலுக்குப் பின் அவர்கள் உண்பதில்லை. பெண்கள் எதையும் அவர்கள் கையில் நேராகக் கொடுக்காமல் பாத்திரத்தில் இட வேண்டும் அல்லது எதிரில் வைத்துவிட வேண்டும்.

கேள்வி: ஓட்டுநருக்கும் விடுதிப் பணியாளருக்கும் அன்பளிப்பாக என்ன கொடுக்கலாம்? நல்ல நிலையிலுள்ள பழைய உடைகளும் மருந்துகளும் எடுத்துச் செல்கிறோம். – வாசகி, திருச்சி

பதில்: மருந்தை எடுத்துச் செல்லுங்கள், உங்கள் குடும்பத்துக்கு மட்டும். வேற்று மொழியில் அச்சிட்ட மாத்திரை அட்டையை, அளவு தெரியாதவர் கையில் கொடுப்பது ஆபத்து. பழைய உடைகளைக் கொண்டுபோவது வீண் சுமை. ஆயத்த ஆடை ஏற்றுமதியையே பெருந்தொழிலாகக் கொண்ட நாடு அது.

விடிகாலை நாலரை மணிக்கே வந்து சூரிய உதயத்துக்கு அழைத்துச் சென்று, வெயிலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் டுக்டுக் ஓட்டுநரிடம் ஒரு டாலருக்காகப் பேரம் பேசிவிட்டு, பிறகு கோயில் வாசலில் தர்மம் செய்யும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று வருத்தமாகவே இருக்கும். பேசிய வாடகைக்கு மேல் இரண்டு மூன்று டாலர் கொடுங்கள். அறையைச் சுத்தம் செய்கிறவருக்குத் தனியாக வைத்துவிட்டு வாருங்கள். டாலர் தாள் கிழியாமல், கறைபடாமல் இருக்க வேண்டும். ஓரம் சற்றுக் கிழிந்திருந்தாலும் அங்கே யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் உங்கள் அன்பளிப்பு அவருக்குச் செல்லாக் காசாகிவிடும். நினைவுக்கென்று ரூபாய் நாணயங்களைக் கொடுப்பதும் அப்படித்தான். ஓட்டுநர் வீட்டுக்கு அழைத்தால் பழங்கள் வாங்கிச் சென்று இரு கைகளாலும் கொடுங்கள்.

கேள்வி: ஊர் திரும்பிய பின் அங்குள்ள மருத்துவமனைக்குத் தொடர்ந்து பணம் அனுப்ப முடியுமா? வரிச்சலுகை உண்டா? – வாசகர், சென்னை

பதில்: அனுப்பலாம். ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்படி, இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும். நன்கொடையும் அந்த வரம்புக்குள் அடங்கும். பான் எண்ணும் ஏ2 படிவமும் வங்கியில் கேட்பார்கள். சிறு தொகையை மாதந்தோறும் அனுப்பினால் ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் பிடித்துக்கொள்ளப்படும்; ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புவதே நல்லது. 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை, இந்தியாவில் அதற்கென ஒப்புதல் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு மட்டுமே உரியது. வெளிநாட்டு மருத்துவமனையின் ரசீதுக்கு அது கிடைக்காது.