பதினெட்டாம் இடத்தைப் பாருங்கள்

அன்புள்ள ஐயா,

தூண்டில் மீன்பிடிப்பும் அணி விளையாட்டுதான் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதன் உலகப் போட்டி ஒன்றின் காணொளியை முழுக்கப் பார்த்தேன். ஆளுக்கொரு பெட்டிமேல் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் ஆதரித்த அணியில் ஒருவர் தன் பகுதியில் முதலிடம் வந்தார். இருந்தும் அணிக்குப் பதக்கம் இல்லை. ஒருவர் மீன் பிடிக்க இன்னொருவர் எப்படி உதவ முடியும்? இதைப் போய் அணி விளையாட்டு என்கிறீர்களே?

சுமதி

அன்புள்ள சுமதி,

கேமரா முதலிடத்துக்காரரிடமே நின்றிருக்கும், நீங்களும் அவரையே பார்த்திருப்பீர்கள். அவரைப் பார்த்தால் இந்த விளையாட்டு பிடிபடாது.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கரையை ஐந்து பகுதிகளாகப் பிரிப்பார்கள். பகுதிக்கு ஒருவர் என்று ஒரு நாட்டுக்கு ஐந்து பேர். யாருக்கு எந்த இடம் என்பது சீட்டுக் குலுக்கலில் விழும். பகுதிக்குள் எடையில் எத்தனையாவது இடமோ, அதுதான் புள்ளி. முதலிடத்துக்கு 1, இருபதாமிடத்துக்கு 20. ஐந்து பேரின் இரண்டு நாள் புள்ளிகளையும் கூட்டி, குறைவாக வாங்கிய அணி ஜெயிக்கும்.

இப்போது பாருங்கள். இரண்டாமவரை விட ஐந்து கிலோ அதிகம் பிடித்தாலும் 1 புள்ளிதான், ஐந்து கிராம் அதிகம் பிடித்தாலும் 1 புள்ளிதான். ஆனால் மோசமான இடம் விழுந்த ஒருவர் பதினெட்டிலிருந்து பன்னிரண்டுக்கு ஏறினால் அணிக்கு 6 புள்ளி மிச்சம். மீன் கடிக்காத நாளில் அந்த ஆறு படியும் விரல் நீள மீன் நாலைந்தில் அடங்கிவிடும்.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் பில்லி லேன், 1969இல் ராபின் ஹாரிஸ், 1975இல் இயன் ஹீப்ஸ், 1982இல் கெவின் ஆஷர்ஸ்ட் என்று தனிநபர் உலக சாம்பியன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அணித் தங்கம் முதல்முறை கிடைத்தது 1985இல்தான், இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில், ஆர்னோ நதிக்கரையில். ஒரு மேதை இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

உதவி எங்கே நடக்கிறது என்று கேட்டீர்கள். பெரும்பகுதி போட்டிக்கு முந்தைய நாட்களில் நடந்து முடிந்துவிடும். பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இரைக் கலவையைப் போட்டுப் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். போட்டித் தொடக்கத்தில், மீனை வரவழைக்கப் பெரிய இரை உருண்டைகளைத் தண்ணீரில் எறிய பத்து நிமிடம் தருவார்கள். அதற்குப் பிறகு சின்னச் சின்ன உருண்டைதான். அந்தப் பத்து நிமிடத்தில் போட்டது போட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது.

அப்புறம் கேப்டன். ஒரு பகுதியில் எந்த ஆழத்தில் கடிக்கிறது என்ற சேதி மற்ற நால்வருக்கும் அவர் வழியாகத்தான் போகும். ஒருமுறை கரையில், மோசமான இடம் விழுந்த ஒருவர் பின்னால் நின்று பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர் தக்கை அசையவே இல்லை. பக்கத்து நாட்டுக்காரர் மீனாகத் தூக்கிக்கொண்டிருந்தார். கேப்டன் வந்து குந்தி உட்கார்ந்து, காதோடு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். இவர் பதின்மூன்று மீட்டர் கோலைப் பின்னால் இழுத்து, பாதிக்கு மேல் கழற்றி வைத்துவிட்டு, இன்னும் சின்னத் தூண்டில் முள்ளை மாட்டினார். இரையாக ஒரே ஒரு ரத்தப்புழு, சின்னச் சிவப்புப் புழு. கோல் நுனியில்தான் தூண்டில் நரம்பு கட்டியிருக்கும், ரீல் கிடையாது. மீனை ஆடவிட்டு நேராக உள்ளங்கையில் பிடித்தார். ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து கிராம்தான் இருக்கும். அதையும் பெரிய மீனைப் பிடித்த மாதிரி பதமாக வலைப்பைக்குள் விட்டார். எடை போட்டபின் திரும்பத் தண்ணீருக்குத்தான் போகும், உயிரோடு இருக்க வேண்டுமே.

முடிவுச் சத்தம் கேட்கும் நேரத்தில் மீன் தண்ணீரைவிட்டு வெளியே வந்திருந்தால்தான் கணக்கு. அவருடைய கடைசி மீன் அப்போது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். அவர் அன்றைக்குப் பதின்மூன்றாமிடம்.