இரவு இருமல் அடங்கட்டும், பிறகு ஓடலாம்

ஆஸ்துமா உள்ள நான் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஓடத் தொடங்கலாமா என்று கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். தொடங்கலாம். ஆளரவமற்ற விடியற்காலையில் மூச்சு நின்று சாலையோரம் விழுந்துவிடுவோமோ என்ற உங்கள் அச்சத்துக்கு, இரவு முழுவதும் பார்த்த காணொளிகளைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் கடிதத்தில் இல்லை. 2003இல் பெண்கள் மாரத்தானில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃப் ஆஸ்துமா உள்ளவர்தாம். ஆனால் நீங்கள் உண்மையாகவே அஞ்ச வேண்டிய ஒன்று அதே கடிதத்தில் இருக்கிறது. உயரத்தைப் பற்றியும் மூடுபனியைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதிய நீங்கள் அதை அரை வரியில் கடந்துவிட்டீர்கள். வாரத்தில் மூன்று இரவுகள் இருமல் எழுப்பிவிடுகிறது என்றும், இழுப்பைத் தணிக்கும் சால்புடமால் இன்ஹேலரில் இரண்டு பஃப் எடுத்தால் மீண்டும் தூக்கம் வந்துவிடுகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர் இருமலால் இரவில் விழித்துக்கொள்ளக் கூடாது. அந்த இன்ஹேலர் வாரத்தில் இரண்டு நாள்களுக்கு மேல் தேவைப்படுகிறது என்றால், மூச்சுக்குழல்களின் உட்சுவர் அழற்சியால் வீங்கியே இருக்கிறது என்று பொருள். சால்புடமால் குழலைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துமே தவிர அந்த வீக்கத்தைத் தொடாது. ஒழுகும் கூரைக்குக் கீழே பாத்திரத்தை வைத்துவிட்டுத் தூங்கப்போவதைப் போன்றது அது. மேசை இழுப்பறையில் கிடக்கும் காலி இன்ஹேலர்களை ஒரு முறை எண்ணிப் பாருங்கள். 200 பஃப் கொண்ட இன்ஹேலர் ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்துபோகிறது என்றால், கடுமையான தாக்குதல் வருவதற்கான வாய்ப்பு கூடியிருக்கிறது. ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் பெரியவர்களுக்குச் சால்புடமாலை மட்டும் தனியாகக் கொடுக்கும் முறையை 2019லேயே கைவிட்டுவிட்டன.

உங்களுக்குத் தேவைப்படுவது அந்த வீக்கத்தையே குறைக்கும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. பெரும்பாலும் பியூடிசோனைடு என்ற ஸ்டீராய்டும், மூச்சுக்குழலைத் திறக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த இன்ஹேலராக அது இருக்கும். உங்கள் மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்தும், "ஸ்டீராய்டு பழக்கமாகிவிடும்" என்று பயந்து அதை வாங்கவில்லை என்கிறீர்கள். அதே நீங்கள்தான் மழைக்காலத்தில் மருந்துக்கடையில் அட்டையிலிருந்து கத்தரித்துக் கொடுத்த, பெயர்கூடத் தெரியாத மாத்திரைகளை வாங்கி விழுங்கியிருக்கிறீர்கள். இழுப்புக்கு அப்படிக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருப்பது வழக்கம், அதுவும் உடல் முழுவதும் பரவும் மில்லிகிராம் அளவில். இன்ஹேலரில் இருப்பதோ பெரும்பகுதியும் மூச்சுக்குழலிலேயே வேலை செய்யும் மைக்ரோகிராம் அளவு. அது பழக்கமாகிவிடும் மருந்தும் இல்லை. உள்ளிழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் சென்று, நீங்கள் பயன்படுத்தும் விதத்தை அவர் முன்னாலேயே செய்து காட்டுங்கள். பலர் மருந்தை நாக்கில்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

படுக்கையறையையும் கவனியுங்கள். அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படிந்திருந்தாலோ, மழைக்குப் பிறகு கம்பளியை வெயிலில் போடாமலே போர்த்திக்கொண்டிருந்தாலோ, மருந்து செய்யும் வேலையில் பாதியை அறையே கெடுத்துவிடும். குளிருக்காக அறைக்குள் கரியடுப்பு மூட்டும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்; அது இருமலோடு நின்றுவிடாது, கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

மற்ற கவலைகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்ந்த உங்கள் உடல் அந்தக் காற்றுக்குப் பழகியது. மூடுபனி நுரையீரலில் நீராகத் தேங்காது. யூகலிப்டஸ் தைலம் மூக்குக்கு இதமாக இருக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. சிலருக்கு அந்த நெடியே இருமலைக் கிளப்பிவிடும். மூச்சுக்குழலுக்கு ஒத்துக்கொள்ளாதது குளிர்ந்த காற்றில் நீராவி குறைவாக இருப்பதுதான். ஓடும்போது வாய்வழியே வேகமாக இழுக்கும் காற்றை மூக்கு சூடாக்கி ஈரப்படுத்த முடிவதில்லை. உட்சுவர் ஈரத்தை இழக்கிறது, குழல் சுருங்குகிறது. எனவே உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஐந்து மணிக்கு எழுந்து ஓடும் வீரம் வேண்டாம். வெயில் ஏறிய பிறகு, மூக்கையும் வாயையும் மஃப்ளரால் மூடிக்கொண்டு போகலாம்.

தொடர்ந்து நான்கு வாரங்கள் இருமலில்லாமல் தூங்கிய பிறகு ஓட்டத்தைத் தொடங்குங்கள். முதலில் பத்து நிமிடம் நடை, அதன் பிறகு ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. சிறு வாக்கியங்களில் பேச முடிகிற வேகமே போதும். ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கிலோமீட்டர் பாதை ஏறக்குறைய சமதளம் என்பதால் அதிலேயே இருங்கள், மேட்டுச் சாலைகளைச் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். ஓடுவதற்கு முன்னால் எந்த இன்ஹேலரை, எத்தனை பஃப் எடுப்பது என்பதையும் மருத்துவரிடமே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழக்கமில்லாதவருக்கு ஓடும்போது மூச்சு வாங்குவது இயல்பு. நின்ற சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆஸ்துமாவால் வருவது பெரும்பாலும் நின்று ஐந்து, பத்து நிமிடங்கள் கழித்து இருமலாகவும் நெஞ்சிறுக்கமாகவும் தொடங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அப்படி வந்தால் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எடுத்த பிறகும் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை என்றால் வீட்டுக்கு நடக்க முயலாமல் 108ஐ அழையுங்கள்.

முழங்கால் வலித்தால் ஐபூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை கடுமையான இழுப்பை வரவழைக்கும். அவற்றுக்குப் பதிலாகப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, ஓட்டத்துக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.