பிஷப்பின் மகனும் பதின்மூன்று ஏழைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்து சென்றிருந்தபோது வின்செஸ்டரில் செயின்ட் கிராஸ் அறச்சாலையைப் பார்த்தேன். கறுப்பு அங்கியும் மார்பில் வெள்ளிச் சிலுவையுமாக முதியவர்கள் நடமாடுகிறார்கள். ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளாக நடக்கிறதாம். கொடுத்தவர் மனம் சுத்தமாக இருந்தால் தர்மம் நிலைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

கொடுத்தவரைப் பற்றி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். அதை நிறுவிய வின்செஸ்டர் பிஷப் ஹென்றி ஆஃப் புளோவா, இங்கிலாந்து அரசர் ஸ்டீபனின் தம்பி, பெரும் பணக்காரர். உள்நாட்டுப் போரில் அண்ணனை விட்டு எதிரணிக்குப் போய், பிறகு திரும்பியும் வந்தவர். 1130-களில் அவர் செய்த ஏற்பாடு என்னவோ அருமையானது: 13 ஏழைகளுக்கு உறைவிடம், தினமும் 100 பேருக்குச் சாப்பாடு, அதற்கு வருமானம் தரும் சொத்துகள்.

அந்தச் சொத்துதான் வினையாயிற்று. அறச்சாலைத் தலைவர்களே வருமானத்தைச் சுருட்டினார்கள். 14-ஆம் நூற்றாண்டில் பிஷப் விக்கம் வழக்காடி அதை மீட்டார். 1808-இல் பிஷப் பிரவுன்லோ நார்த் தன் மகன் ஃபிரான்சிஸையே தலைவராக்கினார். (பின்னாளில் இவர் கில்ஃபோர்டு பிரபு.) குத்தகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கிடைத்த பெருந்தொகை மகனின் பைக்குப் போயிற்று. கேட்டபோது, 1696-ஆம் ஆண்டு ஏற்பாடு ஒன்றைக் காட்டி, மிச்சமெல்லாம் தலைவருக்கே உரியது என்றார்! 1853-இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அதன் பிறகே நிர்வாகம் அறங்காவலர்கள் கைக்கு வந்தது. நீங்கள் பார்த்த முதியவர்களுக்கு இன்று வீடு இருக்கிறதென்றால், ஹென்றியின் மனத்தைவிட இந்த வழக்குகளுக்கே நன்றி சொல்வேன்.

சிவப்பு அங்கிக்காரர்களைக் கவனித்தீர்களா? அவர்கள் 1445-இல் கார்டினல் போஃபர்ட் சேர்த்த பிரிவு, நொடித்துப்போன மேன்மக்களுக்கானது. வறுமையிலும் வரிசை பார்த்திருக்கிறார்கள்.

அதே ஊரில் 1736-இல் ஆல்யுரெட் கிளார்க் என்ற பாதிரியார் வேறு வழி பிடித்தார். நோயாளிகளுக்கான மருத்துவமனையைச் சந்தாவில் தொடங்கினார். இங்கிலாந்தில் லண்டனுக்கு வெளியே அவ்வகையில் அதுவே முதலாவது. சந்தா கட்டியவர்கள் கணக்குக் கேட்பார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு கட்டமாட்டார்கள். இதற்கும் குறை உண்டு: சிகிச்சைக்குச் சந்தாதாரரின் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. அந்த மருத்துவமனை 1868-இல் ரோம்சி சாலைக்கு மாறியது, இன்றும் நடக்கிறது.

அடுத்த முறை போனால், செயின்ட் கிராஸ் வாயிற்காவலரிடம் வழிப்போக்கர் பங்கு கேளுங்கள். ஒரு துண்டு ரொட்டியும் கொம்புக் குவளையில் கொஞ்சம் பீரும் தருவார்கள். கேட்டால்தான் தருவார்கள்.